கணையத்தில் உறங்கும் வித்து

நம் தேசத்துத் தத்துவ சாஸ்திரங்கள் எவ்வளவு வேறுபட்ட மார்க்கங்களில் சென்றாலும், துக்கத்துக்கு ஒரு மூலம் உண்டென்றும், அந்த மூலத்தைத் தொடாமல் கிளைகளை மட்டும் வெட்டுகிறவன் பிறவிதோறும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றும் சொல்வதில் அவை ஏறக்குறைய ஒருமனப்பட்டவை. அந்த மூலம் எத்தகையது என்று கேட்கும்போதுதான் அவை பிரிகின்றன. ஆணவம் என்பது அநாதியாகவே உயிரைப் பற்றி நிற்கும் மலம், அது வெறும் மயக்கமோ எண்ணமோ அன்று, ஒரு திரவியம், ஓர் உள்பொருள் என்று சைவ சித்தாந்தி சாதிப்பார். பௌத்தர் அப்படியொரு பொருளை ஒப்புவதில்லை. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது, அச்சார்புகளின் தொடர்ச்சியே துக்கம், அதில் எந்தக் கண்ணியையும் தனியே பிரித்தெடுத்து இதுவே மூலம் என்று காட்ட இயலாது என்பார். மணிமேகலையின் இறுதிப் பகுதியில் பன்னிரு நிதானங்களாக விரித்துரைக்கப்படுவது இக்கொள்கையே. தீமையின் வித்து ஒரு பொருளா, அல்லது பல காரணங்கள் கூடிய இடத்தில் தோன்றும் ஒரு நிலையா என்னும் இவ்வழக்கு வாத சபைகளோடு முடிந்துபோனதென்று பலர் எண்ணக்கூடும். கணையப் புற்றுநோயைப் பற்றிச் சென்ற இருபது ஆண்டுகளாக நடந்துவரும் விசாரணையை ஊன்றிப் படிக்கிறவருக்கு, அதே வழக்கு நுண்ணோக்கியின் முன்னே மறுபடியும் எழுந்து நிற்பது புலப்படும். அந்த விசாரணையின் போக்கையும், அது என் மனத்தில் எழுப்பிய சிந்தனைகளையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கும் கணையத்தில் தோன்றுகிற புற்று பெரும்பாலும் காலங்கடந்தே தெரியவருகிறது. மஞ்சட்காமாலையோ, முதுகுக்குள் குடையும் வலியோ, காரணமறியாத மெலிவோ கண்டு வைத்தியரிடம் போகிற நாளில் பலருக்கு அது கல்லீரல்வரை சென்றிருக்கும். அமெரிக்க தேசத்தின் கணக்குப்படி, இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருப்பவர் நூற்றுக்கு 13 பேர். 1996-ல் அனுமதிக்கப்பட்ட ஜெம்சிடபின் என்னும் மருந்து, அதற்கு முன்பிருந்த மருந்தைவிட, இடைநிலை ஆயுளை 4.41 மாதத்திலிருந்து 5.65 மாதமாக உயர்த்தியது. 2011-ல் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஃபோல்ஃபிரினாக்ஸ் முறை அதை 11.1 மாதமாக்கியது. மாதம் என்ற சொல்லை மனம் இலேசாகக் கடந்துவிடக் கூடாது. மகளுடைய கல்யாணத்தைக் கண்ணால் கண்டுவிட்டுப் போவதற்கும் காணாமலே போவதற்கும் இடையிலுள்ள தூரம் சில வீடுகளில் அந்த ஐந்து வாரமாகவே இருந்திருக்கும். ஆயினும் ஒரு வியாதியை வெல்ல முனைந்த ஞானத்துக்கு இது சிறிய வெற்றியே. ஏன் இவ்வளவு சிறியதாயிற்று என்பதே இங்கு நம்முடைய வினா.

ஜெம்சிடபின் வேலை செய்யும் விதத்திலேயே விடையின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியுமுன், தன் மரபுச் செய்தி முழுவதையும் ஓர் எழுத்து விடாமல் பிரதி செய்துகொள்கிறது. அந்த எழுத்துகளுள் ஒன்றைப் போலவே உருக்கொண்டது இம்மருந்து. அணுவின் சவ்விலுள்ள வாயிற் புரதம் இதைத் தன்னுடையதென்று கருதி உள்ளே விடுகிறது. உள்ளிருக்கும் நொதி இதன்மேல் பாஸ்பேட்டைப் பூட்டித் தயாராக்குகிறது. பிரதி எழுதும் நொதி இதை வரிசையில் வைத்து மேலே ஓர் எழுத்து எழுதியதும் அதற்கப்பால் நகர மாட்டாமல் நின்றுவிடுகிறது. ஆக, ஔஷதம் அணுவைக் கொல்வது அணுவினுடைய சொந்தத் தொழிலைக் கொண்டே. எவ்வளவு ஆவேசமாகப் பெருகுகிறதோ அவ்வளவு விரைவாக அது மாளும். பெருகாமல், பிரதி எழுதாமல், ஒதுங்கிக் கிடக்கிற அணுவின் பக்கம் இந்த மருந்துக்கு அவ்வளவாக வேலையில்லை. ஸ்கேன் படத்தில் கட்டி சுருங்கியிருக்கக் கண்டு குடும்பத்தார் ஆண்டவனுக்கு நன்றி சொன்ன சில மாதங்களில் அது மறுபடியும் வளர்ந்து நிற்பதும், இம்முறை அதே மருந்துக்கு அசையாமல் நிற்பதும் இந்நோயின் வழக்கமான சரித்திரம்.

கட்டிக்குள்ளே எல்லா அணுக்களும் ஒரு தரத்தவை அல்ல என்ற அனுமானம் இத்தகைய அனுபவங்களிலிருந்து வலுப்பெற்றது. டொராண்டோ நகரத்து ஜான் டிக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1994-லும் 1997-லும் ரத்தப் புற்றில் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களை, எதிர்ப்புச் சக்தி குன்றிய சுண்டெலிகளில் செலுத்தியபோது, மிகச் சிறுபான்மையான ஒருவகை அணுவே நோயை மறுபடியும் உண்டாக்கியது, பெருந்திரளான மற்றவை ஒன்றும் செய்யாமல் அழிந்தன. நம் உடலில் ரத்தத்தையும் குடலின் உட்தோலையும் ஆயுள் முழுவதும் புதுப்பித்துத் தரும் குருத்தணுக்கள் உண்டல்லவா? தன்னைப் போன்ற ஒன்றையும், முதிர்ந்து தொழில்புரியப் போகும் மற்றொன்றையும் ஈன்றுகொண்டே தான் குறையாமல் நிற்கும் அந்த ஸ்டெம் செல்லைப் போன்ற ஒரு சிறு கூட்டமே புற்றுக்கும் மூலம் என்று கொண்டு, அவற்றுக்குப் புற்றுக் குருத்தணு என்று பெயரிட்டார்கள். வயலில் கோரையைத் தலையோடு அறுத்துப் போட்டவன் கிழங்கை மண்ணுக்குள் விட்டுவிடுகிறானே, அதுபோல நம் மருந்துகள் கட்டியின் திரளை அழித்து, மூலத்தை விட்டுவிடுகின்றன என்பது கொள்கை.

இக்கொள்கை கணையத்துக்கு வந்தது 2007-ல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டயேன் சிமியோன் அம்மையாரும் சகாக்களும், நோயாளிகளின் கட்டிகளிலிருந்து அணுக்களைப் பிரித்து, அவற்றின் மேற்பரப்பிலுள்ள மூன்று புரத அடையாளங்களைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். மூன்று அடையாளங்களும் ஒருங்கே அமைந்தவை ஆயிரத்தில் இரண்டு முதல் எட்டு அணுக்களே. அவற்றில் நூறே நூறை எடுத்து எலிகளில் செலுத்தியபோது பாதி எலிகளில் கட்டி வளர்ந்தது. அந்தக் கட்டியை அறுத்துப் பார்த்தால், அடையாளம் உள்ளவையும் இல்லாதவையுமாக, நோயாளியின் உடலிலிருந்த மூலக் கட்டியின் கலப்பு முழுவதும் அதில் திரும்பி வந்திருந்தது. விதைத்தது ஒரு வகை, விளைந்தது எல்லா வகையும். அதே ஆண்டில் மியூனிக் நகரத்தில் ஹெர்மன், ஹீஷன் முதலியோர் வேறோர் அடையாளத்தை வைத்து இதையொத்த முடிவுக்கு வந்ததோடு, ஜெம்சிடபின் கொடுத்தால் இவ்வகை அணுக்கள் மாளாமல் விகிதத்தில் பெருகுகின்றன என்றும், கட்டியின் விளிம்பில் நிற்கும் இவற்றின் ஓர் உட்பிரிவே பிற அங்கங்களுக்குப் பரவுவதற்குக் காரணமாகிறது என்றும் கண்டார்கள். சைவ சித்தாந்தியின் திரவியம் அகப்பட்டுவிட்டதென்றே அன்று தோன்றியிருக்கும். மூலம் ஒரு பொருள். அதற்கு அடையாளம் உண்டு. அதை எண்ணலாம், பிரிக்கலாம். ஆகவே அழிக்கவும் கூடும்.

அந்த அணுக்கள் மருந்தைத் தாங்கும் வகைகள் பல. உட்புகுந்த நஞ்சை வெளியே இறைக்கும் பம்புகள் அவற்றின் சவ்வில் மிகுதி. முறிந்த மரபிழையைச் செப்பனிடுவதில் அவை சுறுசுறுப்பானவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, அவற்றுட் பல தொழிலடங்கிக் கிடப்பவை. யோக சாஸ்திரத்தைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம் ஞாபகம் வராமல் போகாது. அவித்தை முதலிய கிலேசங்கள் நான்கு அவஸ்தைகளில் இருக்கும் என்று பதஞ்சலி வகுக்கிறார்: உறங்கிக் கிடப்பது, மெலிந்திருப்பது, இடையறவுபட்டு நிற்பது, பொங்கி எழுந்திருப்பது. பொங்கியிருப்பதை எவரும் அறிவர். உறங்கிக் கிடப்பதை, அதையுடையவனே அறியமாட்டான். அதற்குரிய விஷயம் எதிர்ப்படும்போதுதான் அது எழும். இந்தச் சூத்திரத்துக்கு உரைகண்ட வியாசர், இந்நான்குக்கும் அப்பால் வறுபட்ட வித்தின் நிலை என ஐந்தாவதொன்றைச் சொல்லுகிறார். விஷயம் எதிரே வந்து நின்றாலும் அது முளைக்காது. வெளிப்பார்வைக்கு உறங்கும் வித்தும் வறுபட்ட வித்தும் ஒன்றே போலிருக்கும். இரண்டும் அசைவற்றவை, இரண்டும் எவருக்கும் தீங்கு செய்யாதவை. ஆயினும் ஒன்று சாந்தி, மற்றொன்று ஒத்திவைப்பு.

அசைவின்மையை ஆன்மிக லட்சணமாகவே நாம் மதித்துப் பழகியவர்கள். அடங்கியிருப்பவனைக் கண்டால் அவனுக்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டதென்று கொள்கிறோம். அடங்குதல் வேறு, அவிதல் வேறு என்பதை யோகிகள் எவ்வளவு கண்டிப்போடு பிரித்தார்கள் என்பதை, புற்றணுவின் சரித்திரத்தைப் படித்த பிறகே நான் சரியான கனத்தோடு உணர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். 2014-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதை இன்னும் ஆழப்படுத்துகிறது. கணையப் புற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் கேராஸ் என்னும் மரபணு பிறழ்ந்திருக்கிறது; அப்பிறழ்வே பெரும்பாலும் முதல் தூண்டுதல். எலிகளில் அந்தப் பிறழ்ந்த மரபணுவை வேண்டியபோது அணைத்துவிடும்படி அமைத்து, அணைத்தும் பார்த்தார்கள். கட்டி கரைந்து மறைந்தது. ஆனால் ஒரு சில அணுக்கள் எஞ்சின. குருத்தணுவின் இயல்புகள் கொண்ட அவை, சர்க்கரையைக் கண்டபடி எரிக்கும் புற்றணுவின் வழக்கமான போக்கைக் கைவிட்டு, மைட்டோகாண்டிரியாவின் சுவாசத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்திருந்தன. நாளடைவில் அந்த எச்சத்திலிருந்து நோய் திரும்பியது. முதற்காரணம் என்று எதைச் சொன்னோமோ அதை நீக்கிய பின்னும் காரியம் தனக்கென்று ஓர் ஆதாரத்தைத் தேடிக்கொண்டது. மூலத்தைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்துக்கு இது முதற் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம் பிரமாணத்தைப் பற்றியது. தர்க்க நூலாரான நையாயிகர் கையில் கொடுத்தால் அவர் மகிழ்ந்து விசாரிக்கக்கூடியது. குருத்தணுவைக் குருத்தணு என்று நாம் அறிவது பிரத்தியட்சத்தால் அன்று. எலியில் செலுத்துகிறோம், கட்டி வளர்கிறது, ஆகவே செலுத்தியதில் மூலம் இருந்தது என்று காரியத்தைக் கொண்டு காரணத்தை அனுமிக்கிறோம். வளராவிட்டால்? மூலம் இல்லை என்பது ஒரு முடிவு. விதைத்த நிலம் ஒவ்வாதது என்பதும் முடிவாகக் கூடுமே. 2008-ல் மிச்சிகனிலேயே, குயின்டானாவும் மாரிசனும் மெலனோமா என்னும் தோல்புற்றில் இந்த ஐயத்தைச் சோதித்தார்கள். வழக்கமான எலிகளில் லட்சக்கணக்கில் ஓர் அணுவே கட்டியை உண்டாக்கியது. எதிர்ப்புச் சக்தி இன்னும் அதிகமாக நீக்கப்பட்ட எலிகளில், விதைக்கும் முறையையும் சற்று மாற்றிக்கொண்டு செலுத்தியபோது, ஏறக்குறைய நான்கில் ஓர் அணு கட்டியை உண்டாக்கியது. அணுக்கள் அவையே, நிலம் மாறியது, அரிதென்று எண்ணிய வித்து எங்கும் நிறைந்ததாயிற்று. கணையத்தில் இவ்வளவு தூரம் போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2010-ல் அதே வகை எலிகளில் கணையப் புற்றணுக்களைச் சோதித்தவர்கள், கட்டி உண்டாக்கவல்லவை அங்கும் அரியனவாகவே இருக்கக் கண்டார்கள். ஆனாலும், வித்தின் தன்மையை நிலத்தினின்றும் பிரித்துச் சொல்லும் உரிமையை அனுமானம் அன்று இழந்துவிட்டது என்பதே என் துணிபு.

மூன்றாவது சந்தேகமே தீர்க்கமானது. குருத்தணு அல்லாத சாதாரணப் புற்றணு, தகுந்த சூழலில், தானே குருத்தணுவின் நிலைக்குத் திரும்பக்கூடும் என்று 2011-ல் மார்பக அணுக்களில் வைன்பெர்க் குழுவினர் காட்டினார்கள். வேறு பல புற்றுகளிலும், கணையத்திலுங்கூட, இத்தகைய போக்குவரவு உண்டென்ற எண்ணம் பின்னர் வலுத்துவந்திருக்கிறது. அப்படியானால் மூலம் ஒரு ஜாதி அன்று, ஓர் அவஸ்தை. இன்று அதில் இருப்பது நாளை அதைவிட்டு இறங்கலாம். இன்று வெளியே நிற்பது நாளை ஏறலாம். இருப்பவற்றையெல்லாம் தேடிக் கொன்றாலும், காலியான இடத்தை நிரப்ப மற்றவை வரும். குருத்தணுவைக் குறிவைத்து ஆக்கப்பட்ட மருந்துகள் கணையத்தில் தோற்றதற்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் அவை தோற்றன என்பது சரித்திரம். நாட்ச் என்னும் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்து ஒன்று 2017-ல் பயனளிக்காமல் நின்றது. நாபபுகாசின் என்னும் மருந்தின் பெரிய பரிசோதனை, பயனில்லை என்ற முடிவோடு 2019-ல் நிறுத்தப்பட்டது. பௌத்தர் சொன்ன சார்புத் தொடர் இங்கே தத்துவ வாதமாக இல்லாமல், மருத்துவமனைப் பதிவேடுகளில் மாதக்கணக்காக எழுதப்பட்டுக் கிடக்கிறது.

நிலத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கணையப் புற்றில் அதுவே விசேஷம். இந்தக் கட்டியை அறுத்துப் பார்த்தால் பெரும்பகுதி புற்றணுவே அன்று. நாரும், தழும்புத் திசுவும், அவற்றை நெய்யும் நட்சத்திர வடிவ அணுக்களும், பிழியப்பட்டு நசுங்கிய ரத்தக் குழாய்களுமே. ஆரோக்கியமான கணையத்தில் இந்த நட்சத்திர அணுக்கள் ஏ வைட்டமினைத் துளித்துளியாகத் தமக்குள் சேமித்துக்கொண்டு சாதுவாக இருப்பவை. புற்றின் அருகில் அவை அச்சேமிப்பை இழந்து, வெறி கொண்டவைபோல் நாரை நெய்யத் தொடங்குகின்றன. இந்த நார்க்கோட்டையே மருந்தை உள்ளே புகவிடாமல் தடுக்கிறதென்று எண்ணி, அதைத் தகர்க்க முற்பட்டார்கள். 2009-ல் கேம்பிரிட்ஜில் டூவெசன் குழுவினர் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞையைத் தடுத்து, எலிகளில் கோட்டையை மெலிவித்து, ஜெம்சிடபினை உள்ளே அதிகமாகச் செலுத்திக் காட்டியபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. மனிதரில் நடந்த பரிசோதனை 2012-ல் நிறுத்தப்பட்டது. புதிய மருந்து பெற்றவர்கள், அதைப் பெறாதவர்களைவிட முந்தி இறந்துகொண்டிருந்தார்கள். 2014-ல் இரண்டு குழுவினர் எலிகளில் காரணத்தைக் கண்டார்கள். கோட்டை புற்றைக் காத்ததோடு, அதைக் கட்டியும் வைத்திருந்தது; கோட்டையை இடித்ததும், முதிர்ச்சி குன்றிய, மூர்க்கமான கட்டிகள் எழுந்தன. பகைவன் என்று எண்ணி வெட்டிய கையே பகைவனைப் பிடித்துக்கொண்டிருந்த கையாகவும் இருந்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று அந்தப் பரிசோதனைக்குத் தங்கள் சரீரத்தைக் கொடுத்த மனிதர்களை எண்ணி நான் நெடுநேரம் வேறெதுவும் படிக்கவில்லை.

இந்த இடத்தில், நோயாளியின் வீட்டில் எழுகிற கேள்வியைத் தள்ளிவிட்டு மேலே போவது தர்மமாகாது. என்ன பாவம் செய்தோம், எந்த ஜன்மத்து வினை என்று கண்ணீரோடு கேட்கிறார்கள். அக்கேள்விக்குத் துணைசெய்வது போலவே இருக்கும் ஒரு கணக்கும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010-ல், இந்நோயால் இறந்தவர்களின் கட்டிகளிலுள்ள மரபுப் பிறழ்வுகளை எண்ணிக் காலத்தைக் கணித்தார்கள். முதற் பிறழ்வு தோன்றியதற்கும் முழுப் புற்றணு பிறப்பதற்கும் குறைந்தது பத்தாண்டு. அது பரவும் சக்தி பெற இன்னும் ஐந்தாண்டேனும். அதற்குப்பின் சராசரி இரண்டாண்டில் மரணம். ஆக, ஒருவர் தம் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டும், கோயிலுக்குப் போய்க்கொண்டும், ஒரு நோயுமின்றி நடமாடிய அந்தப் பதினைந்து வருஷமும் வித்து உள்ளே இருந்தது. சஞ்சிதம் என்றும் பிராரப்தம் என்றும் நாம் கேட்டுப் பழகிய சொற்கள் தாமாகவே நாவில் வந்து நிற்கும்.

அவற்றை இங்கே உச்சரிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கர்மம் என்பது கர்த்தாவை உடையது. சங்கற்பம் இல்லாத இடத்தில் கர்மம் இல்லையென்பதைப் புத்தர் எல்லோரையும்விடத் தெளிவாகச் சொன்னார். நம் வைதிக சாஸ்திரங்களும் அறியாமல் நிகழ்ந்ததையும் எண்ணிச் செய்ததையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. பிரதி எழுதும் நொதி ஓர் எழுத்தைத் தவறவிடும்போது அதற்குச் சங்கற்பம் ஏது? புகையிலையும் நாட்பட்ட கணைய அழற்சியும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பது மெய். ஆனால் புகைத்தவர் பலர் இந்நோயின்றியே இறக்கிறார்கள், புகையை முகர்ந்தறியாத சாதுக்கள் பலர் இதனால் மாள்கிறார்கள். மரணப் படுக்கையில் கிடப்பவரிடம், இந்த வலி நீ சம்பாதித்தது என்று சாஸ்திரத்தின் பெயரால் சொல்வதைவிடக் கொடிய ஹிம்சையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. வித்து ஒரு பொருள், அது இன்னாருக்கு உரியது என்ற எண்ணமே அந்த ஹிம்சைக்கு வழி திறக்கிறது. வெறும் ஒரு நிலையாக இருப்பது எவருடைய சொத்தும் அன்று. சார்புகள் கூடின, தோன்றியது. அதற்கு மேல் நோயாளியின் பேரில் எழுத வேண்டிய கணக்கு எதுவும் கிடையாது.

மூலம் ஒரு நிலையே என்றால், அதைக் கொல்லாமலும் மாற்றலாம் என்பது பின்தொடர்கிறது. இது கற்பனையன்று; வெகுகாலத்துக்கு முன்பே காட்டப்பட்ட விஷயம். பாரி பியர்ஸ் என்ற அமெரிக்கர் தம் சகாவான கிளைன்ஸ்மித்துடன் 1964-ல் எலியின் ஒரு கருப்புற்றிலிருந்து ஒற்றை அணுவைப் பிரித்து வளர்த்து, அதிலிருந்து எழுந்த கட்டியில் தீங்கற்ற, முதிர்ந்த திசுக்களும் பலவிதமாக உண்டாவதைக் காட்டினார். 1975-ல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்ரிஸ் மின்ட்ஸ் அம்மையாரும் இல்மென்சேயும், அத்தகைய புற்றணுக்களை எலியின் இளங்கருவுக்குள் வைத்தார்கள். வளர்ந்த உடலில் வைத்தால் கொன்றிருக்கக்கூடிய அந்த அணுக்களின் சந்ததி, கருவின் ஒழுங்குக்குள் அகப்பட்டு, பிறந்த எலிக்குட்டியின் உடலில் ரோமமாகவும் ரத்தமாகவும் பிற உறுப்புகளின் பகுதியாகவும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தது. அணுவின் மரபுச் செய்தியை எவரும் திருத்தவில்லை. அது இருந்த இடத்தின் சம்பாஷணை மாறியது. எல்லாப் புற்றும் இப்படித் திருந்தும் என்று இதனால் பெறப்படாது. மரபிழை பல இடங்களில் முறிந்து கிடக்கும் முதியவருடைய கணைய அணுவுக்கு, கருப்புற்றின் இளக்கம் இல்லை. ஆயினும் தீமையைச் செய்துகொண்டிருக்கும் ஒன்று, தன் இருப்பு அழியாமலே தீமையிலிருந்து நீங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் உயிர் நூலில் நான் கண்டதில்லை.

மனிதரிலும் ஒரு நோயில் இது சித்தித்திருக்கிறது. ரத்தப் புற்றுகளுள் மிகவும் பயங்கரமானதாகக் கருதப்பட்ட ஒருவகையில், ஏ வைட்டமினிலிருந்து பெறப்படும் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தால், முதிர்ச்சியற்ற புற்றணுக்கள் முதிர்ந்து, சாதாரண வெள்ளணுவைப் போலாகி, அதன் ஆயுள் தீர்ந்து இறக்கின்றன என்று ஷாங்காய் நகரத்தில் வாங் ஜென்யி என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டு, 24 நோயாளிகளின் சரித்திரத்தை 1988-ல் வெளியிட்டார்கள். இன்று அந்நோய், ஆர்சனிக் சேர்ந்த சிகிச்சையோடு, பெரும்பாலோருக்குக் குணமாகக்கூடிய ஒன்று.

சைவ சித்தாந்தத்தின் ஓர் உட்பொருளை இந்த இடத்திலே நினைப்பது பொருந்தும். ஆரம்பத்தில் அதைத் திரவியவாதமென்று ஒரு பக்கத்தில் நிறுத்தியது அதன் பாதியை மட்டுமே சொன்னதாகும். ஆணவம் திரவியம் என்ற அதே சித்தாந்தி, அது நித்தியம், முத்தியிலுங்கூட அழிவதில்லை என்கிறார். பரிபாகத்தால் அதன் சக்தி அடங்குகிறது. திருவருளின் சந்நிதியில் அது உயிரை மறைக்கும் ஆற்றலை இழந்து நிற்கிறது. அழியாத ஒன்றோடு எப்படி முத்தி என்று மற்றச் சமயத்தார் கேட்ட கேள்விக்குச் சித்தாந்தி தந்த விடை இதுவே. பொருளாகக் கொண்டவரும், நிலையாகக் கொண்டவரும், விடுதலையைப் பற்றிப் பேசும்போது இவ்வளவு நெருங்கி வருகிறார்கள்: ஒருவர் சக்தி மடங்குகிறதென்கிறார், மற்றவர் சார்பு அறுகிறதென்கிறார். புற்றணுவுக்கு அருள் பதியுமென்று நான் சொல்ல வரவில்லை. ஆன்மாவைப் பற்றிய சாஸ்திரத்தை அணுவின்மேல் ஏற்றுவது இரண்டையும் கெடுக்கும். இருந்தும், வெட்டி எறிவதொன்றே விமோசனம் என்ற பிடிவாதம் நம் முன்னோரிடம் இல்லை என்பதை, வெட்டிப் பார்த்துக் களைத்த ஒரு வைத்திய சாஸ்திரத்தின் எதிரே நின்று எண்ணும்போது மனத்துக்கு ஒரு தெளிவு உண்டாகிறது.

லண்டனில் ஹேமந்த் கோச்சர் என்னும் அறுவை வைத்தியரும் சகாக்களும், ஷாங்காயில் ரத்தப் புற்றணுவை முதிர்வித்த அதே ரெட்டினாயிக் அமிலத்தைக் கணையப் புற்றுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே அவர்கள் கருதியது புற்றணுவை அன்று. சுற்றியுள்ள நட்சத்திர அணுக்களை. இழந்த ஏ வைட்டமினை அவற்றுக்குத் திருப்பிக் கொடுத்தால் வெறி நீங்கிப் பழைய சாதுத்தன்மைக்கு அவை திரும்பும், கோட்டை இடியாமலே இளகும், அந்த அமைதியில் கீமோதெரபி மருந்துகள் உள்ளே சென்று வேலைசெய்யும் என்பது அவர்களுடைய யுக்தி. ஜெம்சிடபினோடும் பாக்லிடாக்சலோடும் இதைச் சேர்த்துக் கொடுப்பது மனிதருக்குத் தாங்கக்கூடியதே என்று முதற்கட்டப் பரிசோதனையில் கண்டு 2020-ல் வெளியிட்டார்கள். ஆயுளை நீட்டுமா என்பதை அறிய அடுத்த கட்டப் பரிசோதனையை வகுத்தார்கள். அதில் சேருகிறவரின் கணையத்தில் வித்து அழிந்ததா, வறுபட்டதா, உறங்குகிறதா என்பதை எந்த ஸ்கேனும் இன்று பிரித்துக் காட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்து, வளரவில்லை என்று வைத்தியர் சொன்னால், அடுத்த படம் வரையிலுள்ள நாட்களை அவர் தம் மனிதர்களோடு கழிப்பார்.